கொழும்புப் பெட்டிக்கு ஜிப்

பதுருன்னிஸா மாமியின் ஃபோன் வந்தபோது முஸம்மில் அண்ணாந்து அந்தப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்புளை, அலமாரி மேல ஈந்த மாமா பெட்டியக் காணலியே. நீங்க கண்டியளா?"

கண்டான். அது அவன் தலைக்கு மேலே பத்தடி உயரத்தில், வாயைப் பிளந்துகொண்டு தலைகீழாகத் தொங்கியது.

"அது வந்து... ஜிப்பு பிஞ்சிருந்துச்சு மாமி. தைக்கக் குடுத்திருக்கேன்."



"அந்தப் பெட்டியில ஜிப்பே கிடையாதே மாப்புளை."

"அதான் மாமி. வைக்கச் சொல்லியிருக்கேன்."

முஸம்மில் கண்ணை மூடிக்கொண்டான்.

"வெச்சா நல்லாத்தான் ஈக்கும்," என்றார் மாமி. "அழகா வெக்கச் சொல்லுங்கோ. நாளை ராவு இஷா தொழுதுட்டு அனஸ் சட்டைய அதுல வெக்கணும். அதுக்குள்ள வந்திரணும்."

முஸம்மிலுக்குப் பொய் சொல்லவே வராது என்று சொல்லிவிட முடியாது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்டிடம் வேலை பார்க்கிறவன். ஊரார் பெட்டிகளையெல்லாம் கப்பலேற்றி உலகம் முழுக்க அனுப்புகிறவன். மாமியிடம் சொல்லத்தான் வராது.

அதற்குக் காரணம் இருந்தது. காயல்பட்டினத்தில் கல்யாணமானால் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்வான். முஸம்மிலும் பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நீல ரெக்ஸின் பையோடு ரிஃப்காவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். மரியாதைக்கு ஒரு குறையும் கிடையாது. கறியில் பெரிய துண்டு அவனுக்குத்தான். ஆனால் அந்த வீட்டில் எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்பது இன்னும் அவனுக்குப் பிடிபடவில்லை. ஃபேனைப் போடப் போனால் வாசல் விளக்கு எரியும். வாசல் விளக்கை அணைக்கப் போனால் மோட்டார் ஓடும். "உடுங்கோ மாப்புளை, நான் போடுறேன்," என்று மாமி எங்கிருந்தாவது வந்து சரியான சுவிட்சைத் தட்டிவிட்டுப் போவார். பதினொரு வருஷமாக அவன் அந்த வீட்டில் நேற்று வந்த விருந்தாளி.

இதில் இன்னொரு குறையும் சேர்ந்துகொண்டது. அவன் வெளிநாடு போனதில்லை.

அந்தத் தெருவில் வெளிநாடு போகாத மாப்பிள்ளை என்றால், படிக்காத டாக்டர் மாதிரி. அந்த வீட்டில் அது இன்னும் மோசம். ஏனென்றால் மாமா ஹாமிது, கல்யாணமான புதிதில் மூன்று வருஷம் கொழும்பில் இருந்தவர். வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டி நிறைய சோப்பும் தேயிலையும் பிஸ்கட் டின்னுமாக வந்து இறங்கியவர். அவரே அதைப் பற்றிப் பேசமாட்டார். ஒரு தடவை முஸம்மில் ஆசையாகக் கேட்டிருக்கிறான், "கொழும்பு எப்புடி மாமா ஈக்கும்?"

மாமா பேப்பரை இறக்கி யோசித்தார். "சூடு," என்றார். "தும்மல் ஜாஸ்தி. எலி." பேப்பர் மறுபடி உயர்ந்தது.

மாமா பேசாவிட்டாலும் அவர் பெட்டி பேசியது. அந்த வீட்டிலிருந்து யார் பயணம் போனாலும், முதல் சட்டையை மடித்து ஒரு ராத்திரி அந்தக் கொழும்புப் பெட்டியில் வைத்து எடுக்க வேண்டும். மாமியின் கட்டளை. தம்பிமார், மருமக்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பெட்டியில் சட்டை வைத்தவர்கள் எல்லாம் இன்று துபாயிலும் ஹாங்காங்கிலும் இருக்கிறார்கள். முஸம்மிலும் இரண்டு தடவை வைத்தான். முதல் தடவை விசா ஏஜென்ட் தான் மட்டும் வெளிநாடு போய்விட்டார். இரண்டாம் தடவை கம்பெனியே மூடிவிட்டது. "சட்டைய ஒழுங்கா மடிக்கலே," என்று முடித்துவிட்டார் மாமி.

இப்போது ரிஃப்காவின் தம்பி அனஸுக்கு தோஹாவில் வேலை. வெள்ளிக்கிழமை விமானம். பெட்டி வீட்டில் இல்லாமல் அந்தப் பயணத்துக்கு ஏதாவது ஆனால், பழி யார் தலையில் விழும் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

பெட்டி அந்தரத்தில் தொங்கியதற்குக் காரணம் கிளாடிஸ்.

கிளாடிஸ் தூத்துக்குடிப் படகுக்காரக் குடும்பத்துப் பெண். கலை படிக்க லிஸ்பன் போனாள். அங்கே அவளுடைய போர்த்துகீசியக் குடும்பப் பெயரைப் பார்த்துவிட்டு, "இது எங்க ஊர்ப் பேராச்சே, உனக்கு எப்படி வந்தது?" என்று கேட்டார்களாம். "அதைக் கேக்கத்தான் நான் இங்க வந்தேன்," என்றாளாம் கிளாடிஸ். அன்று பிடித்தது இந்தக் கலை. ஊர் திரும்பியதும் முஸம்மிலின் முதலாளி ஆறுமுகநயினார் அண்ணாச்சியிடம் பேசி, கடற்கரைச் சாலையில் பூட்டிக் கிடந்த அவருடைய பழைய சரக்குக் கிட்டங்கியைக் கண்காட்சிக்கு வாங்கிவிட்டாள்.

"எங்க அப்பா காலத்துல வத்தல் மூட்டையும் எலியுமா கெடந்த எடம்," என்றார் அண்ணாச்சி. "இப்பம் கலைங்காவ. ஏ முஸம்மிலு, உங்க ஊர்லதான் வீட்டுக்கு நாலு பேரு வெளிநாட்டுல கெடக்கான். பொம்பளப்புள்ள கேக்கிற பெட்டியள்லாம் வாங்கிக் குடுடே."

கண்காட்சியின் பெயர் 'எல்லாரும் வந்தவங்கதான்'. ரங்கூனிலிருந்து நடந்தே வந்த குடும்பத்தின் தகரப் பெட்டி, துறைமுகத்தில் நிலக்கரி அள்ளும் பீகார்க்காரரின் டிரங்கு, பெரியதாழையிலிருந்து வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போனவரின் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி என்று எல்லாம் சேர்ந்தன. "கொழும்பு இல்லாம தூத்துக்குடியா?" என்று கிளாடிஸ் உதட்டைப் பிதுக்கினாள். அலமாரி மேல் தூசி படிந்து கிடக்கும் பெட்டியை ஒரு வாரம் யார் தேடப்போகிறார்கள் என்று நினைத்தான் முஸம்மில்.

ஃபோனை வைத்த கையோடு அவளிடம் ஓடினான்.

"மேடம், அந்தக் கொழும்புப் பெட்டிய மட்டும் எறக்கித் தாங்க."

"முடியாதுண்ணா. மேல பாருங்க. எல்லாப் பெட்டியும் ஒரே கயிறு. வலையில மிதவை கோக்கிற மாதிரி கோத்திருக்கேன். ஒண்ணோட எடைதான் இன்னொண்ணைத் தாங்குது. ஒண்ணை எடுத்தா மத்ததெல்லாம் சாஞ்சிரும். அதுதாண்ணா சமூகம்."

"சமூகம் சரி மேடம். எங்க மாமி..."

"அது இனிமே பெட்டி இல்லண்ணா. படைப்பு."

மாமியிடம் இதை எந்த வார்த்தையில் சொல்வது என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றும் அமையவில்லை. அதே எடையில் வேறொன்றை மாட்டிவிட்டுப் பெட்டியை இறக்கிவிடுவது என்று முடிவு செய்தான்.

மறுநாள் காலையில் கட்டிலுக்கடியில் குனிந்து, பதினொரு வருஷமாக அங்கேயே கிடந்த தன் நீல ரெக்ஸின் பையை இழுத்தான். தூசியைத் தட்டித் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தால், கூடத்தில் ரிஃப்கா. அவள் கையிலிருந்த தேநீர்க் கோப்பை அப்படியே நின்றது.

"இந்தப் பைய எடுத்துட்டு எங்க போறிய?"

"ஒரு வேலை ஈக்கிது."

"பைய எடுத்துட்டுப் போற அளவுக்கு என்ன வேலை?"

உண்மையைச் சொன்னால் மாமிக்குப் போய்விடும். "அப்புறம் சொல்லுறேன்," என்று பைக்கை உதைத்தான்.

காயல்பட்டினத்து மாப்பிள்ளை ஒருவன், வந்த அன்று கொண்டுவந்த அதே பையைத் தோளில் போட்டுக்கொண்டு, காரணம் சொல்லாமல், காலை வேளையில் தெருவில் போனால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. அந்த அர்த்தம் பைக்கைவிட வேகமாகத் தெருக்கோடிக்குப் போய்ச் சேர்ந்தது. முஸம்மிலுக்கு மட்டும் அது தோன்றவில்லை. அவன் எடையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தான்.

கிளாடிஸ் மதியச் சாப்பாட்டுக்குப் போனதும், காவலாளி இசக்கியப்பனுக்கு ஒரு பொட்டலம் மக்ரூன் கைமாறியது. ஏணி வந்தது. பெட்டியை ஒரு கையிலும் பையை மறு கையிலும் தூக்கிப் பார்த்தார் இசக்கியப்பன்.

"பாய், இது காத்து மாதிரில்லா இருக்கு."

"எதையாவது போட்டு நெரப்புங்க."

தூத்துக்குடியில் எதையாவது போட்டு நிரப்பு என்றால் உப்புதான். பக்கத்துக் கிட்டங்கியில் கேட்டு, பை கனக்கும்வரை அள்ளிப் போட்டார்கள். பெட்டி இறங்கியது, பை ஏறியது, கயிறு லேசாக ஆடி அடங்கியது. சமூகம் நிமிர்ந்து நின்றது. முஸம்மில் பெருமூச்சு விட்டுப் பெட்டியைத் திருப்பினான்.

மூடியின் குறுக்கே, முழ நீளத்துக்கு, வெள்ளைப் பெயின்டில் 'கொழும்பு' என்று எழுதி வைத்திருந்தாள் கிளாடிஸ்.

பெயின்ட் கடைத் தின்னரை ஊற்றித் தேய்த்தான். எழுத்து போனது. கூடவே பெட்டியின் பழுப்பு நிறமும் போய், மூடி பால் அதிகமான தேநீர் நிறத்துக்கு வந்தது. பழைய பஸ் நிலையத்துப் பக்கம் செருப்புத் தைக்கிறவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"நல்ல பழைய பழுப்பா ஆக்கித் தாங்கண்ணாச்சி."

"பழுப்பு தீந்துபோச்சு பாய். செவப்பு இருக்கு. அடிச்சா பழுப்பாத்தான் தெரியும்."

தெரியவில்லை. கல்யாண வீட்டில் சீர் வைக்கிற பெட்டி மாதிரி ஜொலித்தது.

"இன்னொரு வேலை. ஒரு ஜிப்பு வெக்கணும்."

அவர் பெட்டியை நாலு பக்கமும் திருப்பினார். "இது கொக்கி போட்ட பெட்டில்லா. ஜிப்பு எதைத் தொறக்கணும்?"

"எதையும் தொறக்க வேண்டாம். ஜிப்பு இருந்தா போதும். அழகா வைங்க."

அவர் அவனை ஒரு தடவை பார்த்துவிட்டு, பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு நீளமான பித்தளை ஜிப்பை வைத்துத் தைத்தார். இழுத்தால் 'சர்ர்' என்று திறந்தது. உள்ளே பெட்டியின் தோல் தெரிந்தது. மறுபடி 'சர்ர்' என்று மூடியது.

அப்போதுதான் ஃபோனைப் பார்த்தான். திரை முழுக்கத் தவறிய அழைப்புகள். அனஸைக் கூப்பிட்டான்.

"மச்சான், எங்க ஈக்கிறிய? ரிஃப்கா லாத்தா காலையிலேர்ந்து அழுவுறா. நாங்க எல்லாரும் வேன்ல வாரோம்."

"எதுக்குடா?"

"எதுக்கா? உங்கள வீட்டுக்குக் கூப்புடத்தான். நீங்க கிட்டங்கியில ஈப்பியண்டு உங்க முதலாளி சொன்னாரு. வாப்பாவும் வாராங்க. வரமாட்டேண்டுதான் சொன்னாங்க, உம்மா உடல."

'ஹாமிது, கொழும்பு' என்று எழுதிய அட்டைக்கு நேர் மேலே தொங்குவது அவனுடைய ரெக்ஸின் பை. அவர்கள் வருமுன் மறுபடி மாற்றிவிட வேண்டும்.

அவன் கிட்டங்கிக்குள் நுழைந்தபோது குத்துவிளக்கு ஏற்றியாகிவிட்டது. சென்னையிலிருந்து வந்த கலை விமர்சகர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து நின்றார்கள். அண்ணாச்சி பட்டுச் சட்டையில் நின்றார். ஜன்னல் இல்லாத கட்டடம்; விளக்கு வெளிச்சத்தில் எல்லாப் பெட்டிகளும் காற்றில் மிதந்தன. ஏணியைக் காணவில்லை. முஸம்மில் சிவப்புப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

வாசலில் வரிசையாக மூன்று தும்மல் கேட்டது. மாமா வந்துவிட்டார்.

பின்னாலேயே மாமி, ரிஃப்கா, அனஸ். மாமி வேறு எதையும் பார்க்கவில்லை. நேராக அந்த நீலப் பையைப் பார்த்தார். பிறகு முஸம்மிலைப் பார்த்தார்.

"மாப்புளை, நாங்க என்ன குறை வெச்சோம்?"

கூட்டம் திரும்பியது. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து விமர்சகர்கள் அரைவட்டமாக நின்றுகொண்டார்கள். ஒருவர் வீடியோ எடுத்தார்.

"ஒரு குறையும் இல்ல மாமி."

"அப்ப ஏன் பைய எடுத்துட்டு வெளியேறினிய? ஊரே கேக்குது. ஃபேன் போட உடலண்டு கோவமா?"

"கோவிச்சுட்டு எடுக்கல மாமி. பெட்டிக்குப் பதிலா எடுத்தேன்."

"பெட்டிக்குப் பதிலாவா?" இது கிளாடிஸ். அவளும் அப்போதுதான் மேலே பார்த்தாள். பையின் ஓரத் தையல் விட்டு, மெல்லிய வெள்ளைக் கோடாக எதுவோ தரையில் விழுந்துகொண்டிருந்தது.

"அண்ணா, அதுக்குள்ள என்ன?"

"உப்பு மேடம்."

"எதுக்கு?"

"எடைக்கு."

"உப்பு!" என்று ஒரு விமர்சகர் மூச்சை இழுத்தார். "கண்ணீர். வேர்வை. கடல்." பக்கத்திலிருந்தவர் தலையாட்டினார்.

கிளாடிஸுக்குக் கோபம் வந்துதான் இருக்க வேண்டும். ஆனால் வாயிலிருந்து வந்தது கேள்வி. "இந்தப் பை எந்த நாட்டுலேர்ந்து வந்தது?"

"எங்க உம்மா வீட்டுலேர்ந்து மேடம். மூணு தெரு தள்ளி."

"எவ்வளவு நாளாச்சு?"

"பதினொரு வருஷம்."

"எப்போ திரும்பிப் போறீங்க?"

"திரும்பிப் போக முடியாது மேடம். மாப்பிள்ளை."

ரிஃப்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வீடியோ எடுத்தவர் கொஞ்சம் கிட்டே வந்தார். கிளாடிஸ் 'கொழும்பு' அட்டையை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் பெரிதாக 'மூணு தெரு' என்று எழுதி வைத்தாள். பிரமாதம் என்று யாரோ கை தட்டினார்கள்.

மாமியின் கண் இப்போது சிவப்புப் பெட்டிக்கு வந்தது. "அப்ப இது என்ன மாப்புளை?"

"மாமா பெட்டிதான் மாமி. கொஞ்சம் பாலிஷ் போட்டேன்."

மாமி ஜிப்பை இழுத்தார். சர்ர். உள்ளே தோல். மூடினார். சர்ர்.

"இது எதைத் தொறக்குது?"

"எதையும் தொறக்காது மாமி."

மாமி பதில் சொல்வதற்குள் உப்பு பதில் சொன்னது. பை பாதி காலியாகியிருந்தது. எடை குறைந்த பக்கம் கயிறு விர்ரென்று மேலேற, மறுபக்கத்திலிருந்த பீகார் டிரங்கு இறங்கி, ரங்கூன் தகரப் பெட்டியை இடிக்க, அது போய் விளக்குச் சரத்தில் விழுந்தது. பட்டென்று ஒரு பொறி. கும்மிருட்டு.

"ஏலே, மெயின் எங்கலே இருக்கு?" என்று அண்ணாச்சி அலறினார்.

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி," என்றார் இருட்டுக்குள் இசக்கியப்பன். "கடைசியா எலக்ட்ரீசியன் வந்து அஞ்சு வருஷமாச்சு."

யாரோ யார் காலையோ மிதித்தார்கள். ஒரு விமர்சகர் 'இதுவும் நிகழ்ச்சியில இருக்குமோ' என்று சந்தேகமாகக் கேட்டார். அந்த அமளிக்குள் செருப்புச் சத்தம் ஒன்று அவசரமில்லாமல் நடந்து போனது. ஒரு இடத்தில் நின்றது, யாரோ குனிந்து உத்தரத்தைத் தாண்டுவது போல. மறுபடி நடந்தது. ஒரு தும்மல். பிறகு 'டக்'.

வெளிச்சம் வந்தது.

கிட்டங்கியின் கடைசி மூலையில், தூணுக்குப் பின்னால், மண்ணெண்ணெய் பீப்பாய்களின் மறைவில், துருப்பிடித்த ஒரு சுவிட்ச் பெட்டியின் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார் ஹாமிது மாமா.

"அங்கன ஒரு மெயின் இருக்கது எனக்கே தெரியாதே!" என்றார் கிட்டங்கியின் சொந்தக்காரரான அண்ணாச்சி.

மாமா யாரையும் பார்க்காமல் வந்து, பழையபடி வாசலோரம் போய் நின்றுகொண்டார்.

மாமி எதற்கும் அசையவில்லை. அனஸ் கையோடு கொண்டுவந்திருந்த சட்டையை வாங்கிச் சிவப்புப் பெட்டியைத் திறந்து, அங்கேயே ஒழுங்காக மடித்து வைத்துக் கொக்கியைப் போட்டார். ஜிப்பையும் ஒரு தடவை இழுத்து மூடினார்.

முஸம்மில் மெல்லக் குனிந்தான். "மாமி, மாமா இந்த எடத்துக்கு வந்ததே இல்லியே. இருட்டுல சுவிட்ச எப்புடிக் கண்டுபிடிச்சாங்க?"

மாமி பெட்டியைத் தூக்கி அவன் கையில் கொடுத்தார். மாமாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மூணு வருஷம் கொழும்புல ஈந்த மனுஷருக்கு, கொழும்புல சுவிட்சு எங்க ஈக்கிதுண்டு தெரியாதா மாப்புளை?"